மகன் பேசும் மூன்று வரிகள்

என் நம்பரை பிளாக் செய்து தபால்காரருக்கு வேலை கொடுத்த அண்ணனுக்கு,

பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டதென்று உன் குரலில் அம்மாவுக்கு போன் போட்டது நான்தான். அம்மா ராஜபாளையம் ஸ்டேஷனில் போய் நின்றதும், விஷயம் தெரிந்து நீ கொதித்ததும் பழைய கதை. மன்னிப்புக் கேட்டால் அதையும் மிமிக்ரி என்பாய்.

அதனால் வேறு சொல்கிறேன். நூலகத்தில் ஒரு ஜெர்மன் கவிஞரின் வானொலி நாடகம் கிடைத்தது. அவரும் உன்னைப் போலப் பட்டாளத்துக்காரர்தான். போர் முடிந்து வந்து, வெறும் குரலையும் சத்தத்தையும் வைத்தே நாடகம் எழுதினார். இதில் ஒரு தாய், மகன் வரும் ரயிலுக்காகச் சூப்போடு காத்திருக்கிறாள். பேசவே மாட்டாள். பாத்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்கும். பத்துக் குரலில் கத்தி நான் ஊரைச் சிரிக்க வைக்கிறேன். மனுசன் ஒரு மூடிச் சத்தத்தில் என்னை அழ வைத்துவிட்டார்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், விளக்கை அணைத்துவிட்டு அதைப் போடுகிறோம். எல்லாக் குரலும் நான்தான், மகன் குரலைத் தவிர.

வீட்டில் ஒத்திகையைக் கேட்ட அம்மா, "ஏலே, அதையும் அண்ணன் மாதிரி நீயே பேசிறலாம்ல?" என்றாள்.

"ஏலாதும்மா."

மகனுக்கு மூன்றே வரி. பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேசிப் பதிவு செய்து அம்மா போனுக்கு அனுப்பு. என்னிடம் பேச வேண்டாம், மைக்கிடம் பேசு.

அனுப்பாவிட்டால் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவேன். கவிஞர் எழுதிய மௌனம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டும். முன்வரிசையில் அம்மா மட்டும் தட்டமாட்டாள்.

இனி சொந்தக் குரலில் மட்டும்,
உன் தம்பி