லிபரேட்டருக்கு மூன்று எஞ்சின்

மாப்ள, இன்று காலை ராஜபாளையத்தில் உன் குடோனுக்குப் போயிருந்தேன். உன் மகள் ஷட்டரைத் தூக்கினாள். கடகடவென்று அது சுருண்டு ஏற, வெளுத்த பேண்டேஜ் துணியின் வாடை முகத்தில் அடித்தது. கூடவே, என்றைக்கோ கேட்ட உன் குரலும். "லிபரேட்டர்ல குண்டு போடுற கதவு கீழ தொங்காதுலே. நம்ம கடை ஷட்டர் கணக்கா, வயித்தோரமா சுருண்டு மேல ஏறிரும்."

இரண்டாம் உலகப் போரில் பறந்த அந்தக் குண்டுவீச்சு விமானத்தின்மேல் உனக்கு அப்படி என்ன பித்தோ! நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து துணி எடுக்க வந்தால், வந்த வேலையைப் பேச விடமாட்டாய். இறக்கை நூற்றுப்பத்து அடி, நம் தறி செட்டுக்குள் நுழையாது என்பாய். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் பதினான்கு சிலிண்டர். உள்ளே பத்துப் பேர். யாராவது ஓர் எண்ணைத் தப்பாகச் சொன்னால் போச்சு, சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து வந்து திருத்துவாய்.

ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். "ஏலே, நாம விக்கிறது காயத்துக்குக் கட்டுற துணி. நீ ஏம்லே குண்டு போட்ட ப்ளேனக் கட்டிக்கிட்டு அழுத?"

கையிலிருந்த பேண்டேஜ் சுருளைக் கீழே வைத்தாய். "உள்ள இருந்த பத்துப் பேருக்கும் பேரு இருந்திருக்கும்ல. கீழ கெடந்து செத்தவியளுக்கும் இருந்திருக்கும். நான் படிக்கிற புஸ்தகத்துல அது மட்டும் இல்லடா." அதன்பின் நான் உன்னைக் கேலி செய்யவில்லை.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் கொஞ்சம் அசைந்தது, பேச்சு வரவில்லை. இப்போதே பேச வைத்தால்தான் உண்டு, விட்டுவிட்டால் வருவது கஷ்டம் என்றார் டாக்டர். மகள் கெஞ்சினாள். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். "என்கிட்டகூட பேச மாட்டேங்காவ அண்ணே" என்று உன் மனைவி அழுதாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து, "ஏலே மாப்ள, லிபரேட்டருக்கு மூணு எஞ்சின்தான?" என்றேன்.

அசைவில்லை.

"மூணுதாம்லே. இம்புட்டு நாளும் எங்கள நல்லா ஏமாத்திருக்க."

உன் கழுத்து நரம்பு புடைத்தது. மெல்லத் திரும்பினாய். வாய் ஒருபக்கம் கோணியது. "நா... நாலு." தொடர்ந்து, ரொம்பத் தெளிவாக, ஒரு கெட்ட வார்த்தை. உன் மனைவி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

அப்புறம் வரும்போதெல்லாம் ஒரு பொய்யோடு வந்தேன். இறக்கையைக் குறைத்தேன், சிலிண்டரைக் கூட்டினேன். என்னைத் திட்டித் திட்டியே நீ பேச்சை மீட்டாய். இரண்டாம் தடவை வந்த பக்கவாதம்தான் உன்னைக் கொண்டுபோய்விட்டது, பாவி.

அந்தப் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. இன்று திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், லிபரேட்டருக்கு மூன்று எஞ்சின் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பிடியாண்ணே" என்று தலையாட்டிவிட்டு அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

யாருமே திட்ட மாட்டேன் என்கிறார்கள், மாப்ள. நான் எதைச் சொன்னாலும் சரி என்றுவிடுகிறார்கள்.