டோஹா வைத்தியருக்கு

மேற்பிரிவு லயம்,
ருவான்வெல்லை.
வெள்ளிக்கிழமை.

மகா கனம் பொருந்திய டோஹா வைத்தியர், என் உடன்பிறந்த தம்பி பிரதீபனுக்கு,

அக்கா மருதாயி எழுதுவது. சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் போன்றவர்களுக்குத் தலைவலியே வராது. அதை அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுகிறவர்கள் நீங்கள். இங்கே உன் பெண்டாட்டி தனுஜா உயிரோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டாள். நீ கேட்கவில்லை என்றாலும் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குப் பிடிக்காத ஒன்று, நீ அதை வெட்டிவிடலாம். நான் வாயைத் திறந்தாலே உனக்கு “லைன் கிளியர் இல்லக்கா.” அவளைக் கொழும்பில் சேர்த்த அன்று நான் அழுதுகொண்டு சொன்னபோது மட்டும் லைன் நன்றாகக் கிளியராக இருந்தது. அப்போது நீ கேட்ட முதல் கேள்வி என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? “யாரு கூட்டிட்டுப் போனது?” என்று கேட்டாய். என்ன வருத்தம், என்ன வியாதி என்று கேட்கவில்லை. பிழைப்பாளா என்றும் கேட்கவில்லை. இன்று மழை, ரப்பர் பால் வெட்டு இல்லை. உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. கடுதாசியை வெட்ட முடியாது. வேண்டுமானால் கிழித்துப் போடு, ஆனால் அதற்கு முன்னால் படித்திருப்பாய்.

இதைக் கொண்டுவருகிறவன் ஷிராஸ், நம் கடைக்காரர் பளீல் நாநாவின் மகன். டோஹாவிலிருந்து அவன் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய மாத்திரைப் பெட்டியைச் சாக்லேட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தவனும் அவன்தான். அந்தப் பெட்டியில் மிஞ்சியதை அவன் கையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார். பளபளப்பான பெட்டி, தங்க எழுத்து. இங்கே ஆஸ்பத்திரியில் கடதாசிப் பையில் போட்டுத் தருகிற வார்ஃபரின் மாத்திரை உன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. “சும்மா குடுக்கிற மருந்து அந்த லட்சணத்திலதான் இருக்கும், அதைத் தூக்கி வீசிட்டு இதைக் குடி. இதுக்கு ரத்தம் பாக்கத் தேவையில்ல, கேகாலைக்கு அலையத் தேவையில்ல, கீரையையும் இஷ்டத்துக்குத் தின்னலாம்” என்று அவளுக்குச் சொன்னாயாம். தம்பி, அவளுடைய நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியதும் அந்தச் சும்மா கொடுக்கிற ஆஸ்பத்திரிதான். அன்றைக்கு உனக்கு விலை மலிவு என்று தோன்றவில்லை. வாசலில் நின்று கும்பிட்டாய்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய வால்வைத் தின்றுவிட்டது. அதற்குப் பதிலாக உள்ளே இருப்பது உலோகம். உலோகத்தின் மேல் இரத்தம் உறையப் பார்க்கும். உறையாமல் காவல் இருப்பது அந்த வார்ஃபரின். கூடினால் எங்கேயாவது இரத்தம் கசியும், குறைந்தால் வால்விலே கட்டி பிடிக்கும். அதனால்தான் கேகாலைக் கிளினிக்கில் இரத்தம் எடுத்து ஒரு நம்பர் பார்க்கிறார்கள். அவளுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த நம்பரைக் காப்பாற்ற அவள் என்ன பாடுபட்டாள் என்று உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரத்தில் மாத்திரை. மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது. முகுனுவென்னக் கீரையை ஒரேயடியாக விடவும் இல்லை, ஒரு நாள் சட்டி நிறையத் தின்னவும் இல்லை. வாரா வாரம் ஒரே அளவு. கைகால் உளைச்சலுக்கு நான் கடையில் வாங்கிய மாத்திரையைக் கொடுத்தால், “வேணாம் மதினி, இதுவும் அதுவும் சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் போகுமாம், கிளினிக்ல கேட்டுட்டுப் போடுறேன்” என்று திருப்பித் தந்துவிடுவாள். ஏழாம் வகுப்போடு பால் வெட்டப் போனவள் அவள். நீ ஓ.எல். பரீட்சை எழுதியவன்.

உன் மாத்திரை கெட்ட மாத்திரை என்று நான் சொல்லவில்லை. பளீல் நாநாவும் அதே ரகத்தைத்தான் குடிக்கிறார். அவருக்கு இருதயம் தாளம் தப்பித் துடிக்கிற வியாதி, உள்ளே உலோகம் எதுவும் இல்லை. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தது. மாதா மாதம் நம்பர் பார்க்க வேண்டாம், கீரைக்கும் தடையில்லை, உண்மைதான். ஆனால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஒரு வேளை தப்பினாலும் காவல் போய்விடும். அது உடம்பில் நெடுநேரம் தங்காதாம். இடைக்கிடை கிட்னி சரியா என்றும் பார்க்கிறார்கள். கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருந்தாலும் மனுஷன் நேரம் வந்தால் தராசை விட்டுவிட்டு மாத்திரையைத் தேடுவார். அவருக்கு அது அமிர்தம். உலோக வால்வு வைத்தவளுக்கு அது காவலே இல்லை. இதைக் கொழும்பில் டாக்டர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நீயும் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

கேட்டேன் என்கிறாயாம். யாரிடம்? உன் முதலாளி குடிக்கிற மாத்திரை அது. மருந்துக் கடையில் அவருடைய பெட்டியைக் காட்டி, அதே மாதிரி ஒன்று, வீட்டில் இருதய வருத்தம் என்று வாங்கினாய். நெஞ்சுக்குள் உலோகம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்ல உனக்கு வெட்கம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நீ ஒருத்தியிலேயே முழு வைத்தியன் ஆகப் பார்த்தாய்.

அவளுடைய வால்வுச் சத்தம் உனக்கு மறந்திருக்காது. கிட்டப் போனால் டிக் டிக் என்று கேட்கும். ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் அது உன் நித்திரையைக் கெடுக்கிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த மகாராசன் நீ. உன் குறட்டையை இந்த லயத்து வீடுகள் அத்தனையும் பொறுத்துக்கொண்டன. லயத்துப் பிள்ளைகளுக்கு அவள் டிக்டிக் அத்தை. மாமி, சித்தி என்று எத்தனை பேர் இருந்தாலும் காது வைத்துக் கேட்க அவளிடம்தான் ஓடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்காரவைத்து அவளுக்குத் தலை வாரினேன். சத்தம் சரியாகக் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி மங்கலாக இருந்தது. குனிந்து காதை வைத்தேன். அப்படியேதான். பீலியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்ததற்கு இவ்வளவு நேரமும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாளே என்று அப்போதுதான் கவனித்தேன். கிளினிக்குப் போய் எவ்வளவு நாள் என்று கேட்டேன். “அவரு புது மாத்திரை அனுப்பியிருக்காரு மதினி, இனி போகத் தேவையில்லன்னு சொன்னாரு” என்றாள். பளீல் நாநாவின் கடைக்கு ஓடினேன். ஷிராஸ்தான் வாப்பாவின் வேனைக் கொண்டுவந்து எங்களைக் கேகாலைக்குக் கூட்டிப்போனான். உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா? அவன்தான் கூட்டிட்டுப் போனது. அவன் கொண்டுவந்த பெட்டியை நம்பித்தான் அவள் பழைய மாத்திரையை நிறுத்தினாள் என்று வழியில் நான் சொன்னதும் வேனை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினான். கொண்டுவந்தவனுக்கு அழுகை வந்தது. கொடுத்தனுப்பியவனுக்கு யார் கூட்டிட்டுப் போனது என்று தெரிய வேண்டியிருந்தது.

கேகாலையிலிருந்து ஆம்புலன்சில் கொழும்புக்கு அனுப்பினார்கள். வால்வில் கட்டி பிடித்து அது பாதிதான் திறக்கிறது என்றார்கள். கரைக்க மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தே தலைக்குள் இரத்தம் கசிய வைக்கலாம், கரையாவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நீ போட வேண்டிய கையெழுத்து அது. மாரியாத்தா புண்ணியம், கரைந்தது.

கண் விழித்ததும் டாக்டர் அவளைப் பிடித்து ஏசினார். “உங்களுக்கு என்ன பிஸ்ஸா, பைத்தியமா, மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?” என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சிங்களத்தில் கேட்டார். உன் பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? “யாரும் சொல்லல்ல டாக்டர், நான்தான் மறந்துட்டேன்” என்றாள். மறந்தாளாம்! விளக்கு வைக்கிற நேரத்தை ஒரு நாள் தப்பவிடாதவள். பக்கத்துக் கட்டில்காரிகள் அவளைப் பைத்தியக்காரி மாதிரிப் பார்த்தார்கள். நான் உன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் நித்திரையானதும் அந்தப் பெட்டியை டாக்டரிடம் காட்டி எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அவர் உன்னை என்ன சொன்னார் என்று எழுதினால் ஷிராஸ் இதைக் கொண்டுவரக் கூச்சப்படுவான்.

நீ ஏன் இவ்வளவும் செய்தாய் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். கேகாலை பஸ் ஸ்டாண்டில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாளாம். எவனோ ஒரு வேலையற்றவன் அதை உன் காதில் ஓதினானாம். இனிக் கேகாலை பஸ்ஸில் ஏறினால் என்னை மறந்துவிடு என்று நீ சொன்னாயாம். அவளுடைய நன்மைக்காக மருந்தை மாற்றவில்லை நீ. கிளினிக்கை நிறுத்துவதற்கு ஒரு மருந்து தேடினாய், கிடைத்ததும் பெருமையாகப் பெட்டியில் போட்டு அனுப்பினாய். சீ! அவள் ஏன் சிரித்தாள் தெரியுமா? மாதக்கணக்காக ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டிய நம்பர் அன்றைக்குத்தான் சரியாக வந்தது. அதைச் சொல்லத்தான் அன்று பின்னேரம் உனக்குப் போன் எடுத்தாளாம். நீ எடுக்கவில்லை.

இப்போது பழையபடி வார்ஃபரின்தான். சத்தமும் தெளிந்துவிட்டது. தலை வாரும்போது டிக் டிக் என்று கேட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது. இனி டாக்டர் மாற்றினால் ஒழிய மருந்து மாறாது. அதை மாற்ற உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

மாரியாத்தா உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும். அப்படி ஏதாவது வந்தாலும், உனக்கு மருந்து சொல்ல உன்னைப் போல ஒருவன் வாய்க்காமல் இருக்கட்டும்.

மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீ கேட்டு முடிப்பதற்குள் அவள் “பரவாயில்லங்க” என்பாள், நீயும் நம்பிவிடுவாய். வருகிற புதன்கிழமை அவளுக்குக் கிளினிக். பஸ்ஸில்தான் போவாள், தனியாகத்தான் போவாள், சிரிப்பு வந்தால் சிரிப்பாள். அன்று பின்னேரம் அவளுக்கு ஒரு போன் எடு. யாரோடு போனாய் என்று கேட்காதே. எத்தனை மணிக்கு வந்தாய் என்றும் கேட்காதே. நம்பர் எவ்வளவு என்று மட்டும் கேள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் பிடுங்கியதைத் தவிர, உன்னைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பீலிக்குப் போனாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறாள். நீ அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உன்னோடு பிறந்துவிட்டதால் வேறு வழியில்லாத,
அக்கா மருதாயி