நாற்பத்திரண்டாம் இலக்கம்

நேற்றுக் காலை, லண்டன் ஈஸ்ட் ஹாமில் உன் வீட்டுக்குத் திரும்பும் மூலைக்கு முன்னால் இருக்கும் மீன்கடையில் கருவாட்டுப் பெட்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். "ஈரம் பட்டுப் பழுதாப் போச்சு, கிட்ட வராதேங்கோ அண்ணை" என்றார் கடைக்காரர். நான் கிட்டப் போனேன். கண்ணில் நீர் வரவைக்கும் அந்த நெடியை நான்கு வருடங்களுக்கு முன் உலகத்தின் தென்கோடியில் ஒருமுறை முகர்ந்திருக்கிறேன். கரை கண்ணுக்குத் தெரியுமுன்பே மூடுபனிக்குள்ளிருந்து அது கப்பலுக்கு வந்தது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஊரில எங்கட பாசையூர் மீன்சந்தைக்கு வந்திட்டமோ?" என்று கேட்டாய்.

அங்கே போனது என் வாரநாள் வேலையால். கப்பல் தொழில் பற்றிய ஆங்கில இதழ் ஒன்றுக்கு நான் நிருபர். பென்குயினும் சீலும் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்றைப் பற்றி எழுத இரண்டு இடம் தந்தார்கள், ஒன்று எழுதுபவனுக்கு, ஒன்று படம் எடுப்பவனுக்கு. கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த உன்னை நான் கூட்டிப்போனேன்.

எனக்கு வேறு நோக்கமும் இருந்தது. வார இறுதியில் நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகையின் பின்பக்கத்தில், காணாமற் போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வரும். ஊரில் போரின்போது பிடித்துச் செல்லப்பட்ட உன் தம்பியின் பெயர் அதில் ஆறு வருடமாக இருந்தது. நாம் புறப்பட மூன்று வாரம் இருக்கையில், லண்டன் வழியாகக் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, உன் தம்பியைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்னார். இரண்டு முறை கேட்டேன். வயது, மார்பில் இருந்த தழும்பு, முன்பல் உடைந்தது எல்லாம் சரியாக இருந்தன. உன்னிடம் சொன்னேன்.

"பட்டியலில இருந்து எடுக்கட்டோ?"

"எடுக்காதை. அம்மா ஒவ்வொரு கிழமையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பேரைத்தான் தேடி வாசிக்கிறவ. எனக்குக் கொஞ்ச நாள் தா. நானே சொல்லுறன்."

அம்மாவிடம் சொல்லும் தைரியத்தைக் கடல் உனக்குத் தரும் என்று நினைத்தேன்.

உன் வீட்டில் எல்லாம் இரண்டு என்பது எனக்குத் தெரியும். அம்மா இரண்டு கோப்பையில் சோறு போட்டு ஒன்றை மூடிவைப்பார். பொங்கலுக்கு இரண்டு சேட்டு வாங்குவார். தம்பி வந்தால் போடுவதற்கென்று வாங்கிய செருப்பு ஒரு சோடி வாசலில் கிடக்கும். நீ உன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் செருப்பையும் நேராக்கி வைப்பாய். பேசிக்கொண்டே செய்வாய், குனிந்தும் பார்க்கமாட்டாய்.

கப்பலில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு பயணிக்கும் இலக்கமிட்ட ஒரு வில்லை அதில் தொங்கும். கரைக்குப் போகும்போது சிவப்புப் பக்கத்துக்கும், திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கத்துக்கும் அதைத் திருப்ப வேண்டும். ஒரு சிவப்பு மிச்சமிருந்தாலும் கப்பல் நகராது. எனக்கு நாற்பது, உனக்கு நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு வராமற்போன யாரோ ஒருவருடையது.

ரப்பர்ப் படகில் போய்க் கறுப்பு மணலில் இறங்கினோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாறை என்று நினைத்துச் சுற்றிப்போன ஒன்று ஈரக் கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்தது. யானைச் சீல். அதன் குறட்டையைக் கேட்டு, "எங்கட மேல்வீட்டுக்காரர் இஞ்சயும் வந்திட்டார்" என்றாய். பிறகு பனி கொஞ்சம் விலகியது. பென்குயின்கள். ஆயிரக்கணக்கில், இடுப்பளவு உயரத்தில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவில் மண்ணிறச் சடைக் குஞ்சுகள், கம்பளி போர்த்தியவர்களைப் போல.

"குரோய்டனில விசாவுக்கு நிக்கிற வரிசை மாதிரிக் கிடக்கு மச்சான்" என்றாய் மெதுவாக. "ஒருத்தருக்கும் இன்னும் நம்பர் வரேல்லை."

வழிகாட்டிப் பெண் விளக்கினாள். இரை தேடிக் கடலுக்குப் போன பறவை திரும்பி வந்து கூப்பிடும். இத்தனை ஆயிரத்தில் அதன் குஞ்சு மட்டும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லும். குஞ்சு செத்திருந்தால், சில பறவைகள் கூப்பிட்டுக்கொண்டே நிற்பதும் உண்டு. அப்படி ஒன்று நமக்கு முன்னால் நின்றது. கழுத்தை நீட்டிக் கூப்பிடும், தலையைத் தாழ்த்திக் காத்திருக்கும், மறுபடி கூப்பிடும். ஒரே தொண்டையில் இரண்டு குரல் கேட்டது. நீ படம் எடுக்கவில்லை. உன் கமெரா மூடியபடியே இருந்தது.

பின்னேரம் எல்லோரும் திரும்பிய பிறகு ஒலிபெருக்கி நாற்பத்திரண்டாம் இலக்கத்தைக் கூப்பிட்டது. வில்லை சிவப்பாக இருந்தது. ஆட்களை எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. ஆனாலும் பலகை சொல்வதை அவர்கள் தட்டுவதில்லை. இரண்டு படகுகள் பனிக்குள் போயின. மேல்தளத்தில் நின்ற நமக்குக் கரையிலிருந்து அந்தப் பறவையின் கூப்பாடு மட்டும் கேட்டது. நீ கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாய், குளிர் என்று நினைத்தேன்.

அதிகாரியின் கையிலிருந்த வானொலிக் கருவியில் தேடப்போனவன் ஒருவனின் குரல் வந்தது. மணல் முடியும் இடத்தில் ஒரு ஆள் நிற்கிறார், கூப்பிட்டால் திரும்பவில்லை, கிட்டப் போகிறோம்.

"தம்பி" என்றாய். கம்பிக்கு ஓடினாய். உன் முகத்தை அப்போது நான் பார்த்தேன். என்னிடம் கொப்பி நிறையச் சாட்சியம் இருந்தது, ஆனாலும் அந்த ஒரு நிமிடம் நானும் பனிக்குள் உற்றுப் பார்த்தேன்.

கிட்டப் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. பனியில் அளவு பிடிபடாது, பென்குயினைத்தான் பார்த்திருப்பான் என்றார்கள். ஆனால் தேடப்போனவன் கப்பலுக்குத் திரும்பி வந்த பிறகும், அந்த ஆள் கையைத் தொங்கவிட்டு நின்றார் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்டதை எழுதுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

"நான்தான் மச்சான் திருப்பினது" என்றாய் அப்போது. "போகேக்க ரெண்டையும் திருப்பிப்போட்டன். கை தானாப் போயிட்டுது."

"வரேக்க ஏன் திருப்பேல்லை?"

"அவன் வரேல்லையே."

நீ அதைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அதிகாரியிடம் கூட்டிப்போனேன். நீ சொன்னதைக் கேட்டு அவர் ஏசவில்லை. வில்லையை வெள்ளைக்குத் திருப்பினால் புறப்படலாம் என்றார். நீ பலகை முன்னால் நின்றாய். உன் கை எழும்பவில்லை. "நீ திருப்பு" என்றாய். நான் திருப்பினேன். அடுத்த நாள் பார்த்தபோது அந்த வில்லை தொங்கிய கொளுக்கி வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு நீ படியிறங்கும்போதெல்லாம் பின்னால் வருபவருக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றாய். பின்னால் நான்தான் வந்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஹீத்ரோவிலிருந்து நேரே உன் வீட்டுக்கு வந்தோம். நீ சொல்லப்போகிறாய் என்றுதான் கூட வந்தேன். அம்மா கதவைத் திறந்து, "என்னடா, கறுத்துப்போய் வந்திருக்கிறாய்? கையைக் கழுவிப்போட்டு வா" என்றார். மேசையில் இரண்டு கோப்பை. நீ உட்கார்ந்து சாப்பிட்டாய். சாப்பிட்டு முடித்து, "நல்லா இருக்கு அம்மா" என்றாய். நான் எழுந்து பஸ் பிடித்தேன். பட்டியலில் அந்தப் பெயரை நான் எடுக்கவில்லை. அடுத்த வருடம் அம்மா போகும்வரை நீ சொல்லவும் இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. செய்தியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

முந்தாநாள் நீ போனாய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேலையிடத்தில். உன் மரண அறிவித்தலை எழுத, அம்மா போன பிறகு நீ கட்டிய உன் மனைவி நேற்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். நம்மவர் வழக்கப்படி உறவுகளை வரிசையாகச் சொன்னாள், நான் எழுதினேன். முன்னமே போனவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். ஐயாவுக்குப் போட்டேன். அம்மாவுக்குப் போட்டேன். தம்பிக்கும் கை தயங்காமல் போட்டுவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

"அண்ணை, அவருக்கு முன்னால ஏன் அந்தச் சொல்லு? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

சொல்ல வாயெடுத்தேன். "இல்லைத் தங்கச்சி. பிழையா எழுதிப்போட்டன்" என்றேன்.

இருபத்தைந்து வருடமாக, உறுதிப்படுத்தாத ஒரு சொல்லையும் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. நேற்று உறுதிப்படுத்திய ஒரு சொல்லை வெட்டினேன். அன்று உன் மேசையில் நீ ஏன் அதைச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தாய் என்று அப்போதுதான் விளங்கியது.

இந்த நகரத்தில் இனி அதைத் தெரிந்தவன் நான் ஒருவன். தெரிந்தால் காத்திருப்பு முடிந்துவிடும் என்றுதான் எண்ணியிருந்தேன். நேற்று மாலை என் கதவை யாரோ தட்டினார்கள். வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் யாரென்று கேட்குமுன்பே நான் எழுந்து பாதி தூரம் போயிருந்தேன், உன் தம்பியின் பெயர் நாக்கில் இருந்தது.