சேனல்காரர்கள் கேட்ட அழுகை

ஆடி வெள்ளி, இரவு.

பழைய சிரிப்பு நடிகை என்று என்னைப் பேட்டி எடுக்க, சேனல்காரர்கள் இருவர் இன்று பென்னாகரம் வந்தார்கள்.

“புதுப் புடவைய மாத்திட்டுப் பழசு கட்டிக்குங்கம்மா. வாய்ப்பு இல்லாத கஷ்டத்தச் சொல்லி அழுங்க. ஜனங்க அதத்தான் பாப்பாங்க.”

புடவையை மாற்றவில்லை. ஆனால் அழுதேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் மாமியார் செத்ததற்கு மருமகளாக அழுத அதே அழுகை: மூக்கு முந்தானையில், ஒரு கண் மாமியாரின் சாவிக்கொத்தின் மேல். கேமராவைக் கையில் பிடித்திருந்தவர் குலுங்கிச் சிரித்ததில் படமே ஆடிவிட்டது. மூன்று தடவை எடுத்தும் அதே கதிதான்.

“நெசமா அழுங்கம்மா.”

“நெச அழுகை என் வூட்டோட, தம்பி. கேமராவுக்கு இதுதான்.”

அந்த அழுகை எதற்கென்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

நாளை மறுபடி வருகிறார்களாம். வரட்டும். அதே புடவையைத்தான் கட்டுவேன். கேமராவுக்கு ஒரு ஸ்டாண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.