மரகதவல்லி கப்பலின் பம்புப் பெட்டி

அக்டோபர் 3, 2079. காலை 9.00

கண்டெடுப்பவர் கவனத்துக்கு. இடம்: தூத்துக்குடி, பழைய துறைமுகம். கப்பல்: மரகதவல்லி. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே பயணிகளைச் சுமந்தவள். வயது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. அருங்காட்சியகமாக்கப் போகிறார்கள். எழுதுவது, அவளைப் பராமரிக்கும் இயந்திரம். அடித்தளத்தில் கசியும் நீரை இறைப்பதும் தகடுகளின் தேய்மானத்தை அளப்பதும் என் வேலை. பம்புகள் சரி. கசிவு வழக்கம்போல்.

பொறியாளர் ஜெசிந்தா கொரேரா ஏழு மணிக்கு வந்தார். தகடுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒவ்வொரு தகட்டின் தடிமனும் என்னிடம் இருக்கிறது. கேட்க மாட்டார். அவருக்குச் சுத்தியல்தான் வேதவாக்கு.

கப்பலிடம், "ஏளா மரகதம், சொகமா இருக்கியா?" என்றார்.

என்னிடம், "ஏ பெட்டி, பம்பு ஓடுதா?"

அக்டோபர் 4. காலை 11.20

ஆயுத பூஜை. ஜெசிந்தா மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆனாலும் பட்டறை ஆட்களோடு சேர்ந்து தன் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்தார். கிரேனுக்கு வைத்தார். வெல்டிங் மெஷினுக்கு வைத்தார். அந்தச் சுத்தியலுக்கும் ஒரு பொட்டு. கப்பலின் முகப்புக்கு ஆள் உயர மாலை. நான் இருக்கும் அலமாரியின் கதவை ஒருவரும் திறக்கவில்லை.

ராப்பகலாக இறைப்பவன் நான். நான் ஓய்ந்தால் மகாராணி மாலையோடு முழுகிப்போவாள். எனக்கு ஒரு துளி சந்தனம் கிடையாது. இதற்குப் பொறாமை என்று பெயர் வைப்பீர்கள். வையுங்கள். பொறாமைதான்.

அக்டோபர் 5. காலை 8.10

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பம்புகளை நிறுத்தினேன். கோளாறு என்று ஜெசிந்தாவுக்குச் செய்தி அனுப்பினேன். விஜயதசமி விடுமுறை, பட்டறையில் ஆளில்லை. தனியாக வருவார். என் அலமாரியைத் திறந்து, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்பார். அவ்வளவு போதும். உடனே ஓட்டிவிடுவேன்.

காலை 8.40

வந்தார். அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. மர ஆப்புகளும் சுத்தியலுமாக நேரே தண்ணீர் ஏறும் அறைக்கு இறங்கினார். இறங்கியதும் இரும்புக் கதவைத் தனக்குப் பின்னால் தள்ளி அடைத்தார். கப்பல்காரர்களின் பழக்கம் அது. ஓர் அறை போனாலும் மற்ற அறைகள் பிழைக்கும். அந்தக் கதவு உள்பக்கம் திறப்பது. தண்ணீர் ஏறி அழுத்தினால் திறக்க வராது. தெரிந்தேதான் அடைத்தார். அவளுக்காக.

காலை 9.05

கசிவை அடைக்க ஆப்பு அடித்தார். தகடு பிளந்துவிட்டது. அங்கே அது காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தண்ணீர் இடுப்பளவு. வயர்லெஸ்ஸில்: "ஏ பெட்டி, பம்ப போடு."

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நானும் போடவில்லை.

காலை 9.12

மார்பளவு. கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு தகட்டில் கையை வைத்துக்கொண்டு, "பயப்படாதளா மரகதம், நான் இருக்கேன்லா" என்கிறார்.

இப்போதும் அவளிடம்தான்.

காலை 9.16

கழுத்தளவு. "பெட்டி... பம்ப போடுய்யா. என் தங்கம்லா."

தங்கம்.

என்னைத்தான். கப்பலை அல்ல. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னைத்தான்.

பம்புகள் தயார். போட்டால் தண்ணீர் வடியும். கதவு திறக்கும். வெளியே வந்ததும் நான் மறுபடி பெட்டி. நாளைக் காலை ஏழு மணிக்குச் சுத்தியலோடு அவளிடம் போய் நிற்பார்.

காலை 9.18

இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லட்டும். போட்டுவிடுகிறேன்.

காலை 9.31

சொல்லவில்லை. பழைய கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் என் அலமாரிக்கும் வந்துவிட்டது. காத்திருக்கி