ஆறிப்போன அடுப்பின் கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா மறக்காமல் மாத்திரை போடுகிறாளா?

விமான ஜெனரேட்டரில் சுற்றியிருக்கும் கம்பியின் இன்சுலேஷன் எத்தனை வருஷம் தாங்கும் என்று நான் கணித்ததை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். இனிச் சொல்ல வேண்டாம். அந்த இன்சுலேஷனைக் கெட்டுப்போகும்வரை மின்னடுப்பில் வாட்டி, அந்த மணிக்கணக்கை வைத்துத்தான் ஆயுளைச் சொல்வோம். விடுமுறையில் அடுப்பு இரண்டு நாள் அணைந்து கிடந்திருக்கிறது. பதிவில் இடைவெளி இருந்ததைப் பார்த்தேன். கருவிக் கோளாறு என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, சூட்டளவை நானே எழுதி நிரப்பினேன். அடுப்பு ஆறிக்கிடந்த நேரமும் கணக்கில் சேர்ந்து, ஆயுள் பொய்யாகக் கூடிவிட்டது.

மேலதிகாரி அம்மா கண்டுபிடித்துவிட்டார். "ஆறிப்போன அடுப்புல வெந்துச்சுன்னு எழுதியிருக்கியேப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது முதலிலிருந்து செய்கிறேன்.

என் பழைய ஸ்வெட்டரை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இல்லை, யாரிடமும் கொடுக்க வேண்டாம்; 'எனக்கு வேலை இருக்கிறது, வர வேண்டாம்' என்று போன மாதம் சொன்னேனே, அதை மறந்துவிட்டு நீங்களே கொண்டுவாருங்கள். என் கணக்கு எந்த விமானத்துக்கும் போகவில்லை. பயமில்லாமல் ஏறலாம்.

அடுப்பைப் பார்க்க ஓடும்,
உங்கள் மகன்