அலமாரியிலேயே கிடந்த பூத்துணி

சுவா

அன்பு மகள் கெலெராவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். மழை விட்டபாடில்லை, தோட்டத்தில் மரவள்ளி அழுகுகிறது, எபெலி சித்தப்பாவுக்கு முட்டி வலி, ஆனாலும் சர்ச்சில் பாட்டுக்குக் குறைவில்லை.

நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். "அம்மா, துணிப் பார்சல் உங்க யுனிவர்சிட்டி தபால் அறைக்கு வந்துடுச்சுன்னு காட்டுது, இன்னும் யாரும் வாங்கலைன்னும் காட்டுது, அந்த ரூமே உங்க கையிலதானே இருக்கு" என்றாய். உண்மைதான். வந்த அன்றே நான்தான் அதைக் கணினியில் ஏற்றி அலமாரியில் என் பெயருக்குரிய தட்டில் வைத்தேன். உடனே என் போனுக்கே செய்தி வந்தது, உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது என்று. பார்த்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தேன். அழுகை வரவில்லை, ஒன்றும் வரவில்லை. வாரத்துக்கொரு நினைவூட்டல் வரும், வந்த பெட்டியை வாங்காமலே போட்டுவைக்கும் எங்கள் வேதியியல் பேராசிரியர் மாதிரி நானும் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் "உங்க பெட்டிக்கு வாடகை போடப்போறேன் சார்" என்று சொல்லிவிட்டு, என் பெட்டியைத் தாண்டித்தான் போய் உட்கார்ந்தேன்.

அப்பா போய், துக்கம் காக்க வேண்டிய நூறாம் இரவும் கடந்துவிட்டது. நீ அனுப்பிய பூத்துணியை உடுத்தி நான் கறுப்பைக் களைந்தால்தான் வீட்டில் துக்கம் தீரும், சித்தப்பா தாடி எடுக்கலாம், அவர் மகள் மிலியின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம். எனக்குத் தெரியாமலில்லை. சித்தப்பா தினமும் வந்து "அண்ணி, கெலெரா துணி வந்துச்சா" என்பார், நான் "இன்னும் கப்பல்லயே கிடக்குது போல" என்பேன். ஊர்ப் பார்சலுக்கெல்லாம் பதில் சொல்லுகிறவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார். "சரி அண்ணி, என் தாடியில கோழி முட்டை போடுறதுக்குள்ள வந்தா போதும்" என்று சிரித்துக்கொண்டே போவார். மிலி கல்யாணத்துக்கு விரிக்க வேண்டிய பாய்களை மறுபடி சுருட்டி உள்ளே வைத்தாள். அதைப் பார்த்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

நேற்று என்னோடு வேலை செய்யும் ரேஷ்னி, யாரும் வாங்காத பார்சல்களைத் திருப்பி அனுப்ப வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, கெடு முடிஞ்சிருச்சு, இதை ஏத்தவா, எடுத்துக்கிறீங்களா" என்று மற்றவர்களைக் கேட்பது போலத்தான் கேட்டாள். இத்தனை வாரமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியில் போட்டால் நீ அங்கே கதவைத் திறந்து இதை வாங்குவாயே என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். இப்போது சாப்பாட்டு மேசையில் அப்பா நாற்காலிக்கு நேரே இருக்கிறது, பிரிக்கவில்லை. சனிக்கிழமை கத்தரிக்கோலோடு வரும்படி சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் தாடிக்கும் பெட்டிக்கும் அது ஒன்றே போதும். எந்தக் கப்பலில் வந்தது என்று அவர் கேட்கவில்லை.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. உன் போனில் 'பெற்றுக்கொண்டார்' என்று மாறியிருக்கும். பெட்டியை மட்டும்தான் மகளே பெற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
உனைசி